அமெரிக்காவை உலகம் எப்படிப் பார்க்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் வந்தால், போர் மூண்டால், வரி ஏறினால் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். எண்கள் பெரும்பாலும் பியூ ஆய்வு மையத்தின் கருத்துக்கணிப்புகளில் வந்தவை. அவற்றை எப்படி வாசிப்பது என்பது இரண்டாவது பதிலில் இருக்கிறது.

உலகமே அமெரிக்காவை வெறுக்குதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

இல்லை. 2024இல் 34 நாடுகளில் கேட்டபோது, அமெரிக்காவை நல்ல விதமாகப் பார்ப்பவர்களின் இடைநிலை அளவு (நாடுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 54 சதவீதம். பாதிக்குக் கொஞ்சம் மேலே நல்லெண்ணம்தான். ஆனால் அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு எதையும் புரிந்துகொள்ள முடியாது. 2023இல் போலந்தில் 93 சதவீதம் பேர் அமெரிக்காவை நல்ல விதமாகப் பார்த்தார்கள். பக்கத்திலேயே இருக்கும் ஹங்கேரியில் அதே ஆண்டு 44தான். துருக்கியில் 2007இல் வெறும் 9 சதவீதம்.

போலந்துக்காரர்களுக்கு ரஷ்யா அண்டை வீடு. உக்ரைன் மீது 2022 பிப்ரவரியில் படையெடுப்பு தொடங்கிய பிறகு, தங்கள் மண்ணில் நிற்கும் சுமார் 10,000 அமெரிக்க வீரர்களை அவர்கள் காவலாகப் பார்க்கிறார்கள். ஆகவே “உலகம்” என்று தொடங்கும் பேச்சைக் கேட்டால் முதலில் எந்த நாடு, எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

ஆயிரம் பேரைக் கேட்டுட்டு ஒரு நாடே இப்படின்னு எப்படிச் சொல்றாங்க?

ஆயிரம் பேர் போதும், அவர்களைச் சரியாகப் பொறுக்கியிருந்தால். அந்த அளவில் பிழை வரம்பு ஏறக்குறைய மூன்று புள்ளி மேலே, மூன்று புள்ளி கீழே. எனவே 52 இலிருந்து 50 ஆகக் குறைந்தது என்று ஒரு தலைப்புச் செய்தி வந்தால் அதற்குப் பொருளே இல்லை. பத்துப் புள்ளி சரிந்தால் கவனிக்கலாம்.

தவறுகள் வேறு இடத்தில் நடக்கின்றன. முதலாவது, இடைநிலை அளவு. நாடுகளை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுப்பார்கள். இதில் இந்தியாவும் சுவீடனும் ஒன்றுக்கு ஒன்று. மக்கள்தொகைக்கு இங்கே மதிப்பில்லை. இரண்டாவது, நாடுகளின் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஓராண்டின் 24 நாடுகளையும் அடுத்த ஆண்டின் 34 நாடுகளையும் அப்படியே ஒப்பிட்டு “ஏறியது, இறங்கியது” என்று எழுதுவது பத்திரிகைகளில் வழக்கமாக நடக்கும் பிழை. இரண்டு ஆண்டிலும் இருந்த நாடுகளை மட்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். மூன்றாவது, சில நாடுகளில் நகரங்களில் மட்டும் கேட்டிருப்பார்கள். அது அடிக்குறிப்பில் இருக்கும். சீனாவில் சில ஆண்டுகளாக இந்தக் கேள்வியையே கேட்க முடியவில்லை.

கேள்வியின் வார்த்தையையும் பாருங்கள். பியூ கேட்பது “அமெரிக்காவைப் பற்றி உங்கள் எண்ணம் நல்லதா, கெட்டதா” என்று. அதிபர் மீது நம்பிக்கை உண்டா என்பதைத் தனியாகக் கேட்கிறது. கேலப் நிறுவனம் கேட்பது “அமெரிக்கத் தலைமையின் செயல்பாட்டை ஏற்கிறீர்களா” என்று. கேலப்பின் கேள்விக்குக் “கருத்தில்லை” என்பவர்கள் நிறைய. அதனால் ஆதரவு எண் சிறிதாகத் தெரியும். ஒன்றின் 50ஐயும் மற்றதன் 30ஐயும் ஒரே மேசையில் வைக்கக் கூடாது.

“மக்களைப் பிடிக்கும், அரசாங்கத்தைத்தான் பிடிக்காது”ங்கிறதெல்லாம் சும்மா ஒப்புக்குச் சொல்றதுதானே?

பல நாடுகளில் அது உண்மையாகவே இரண்டு தனிக் கணக்கு. ஈராக் போர் நடந்த 2003இல், அமெரிக்கா மேல் கோபமாக இருந்தவர்களிடம் “பிரச்சினை புஷ்ஷா, மொத்த அமெரிக்காவுமா” என்று கேட்டார்கள். ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஏறக்குறைய நான்கில் மூவர் புஷ் என்றார்கள். தென் கொரியாவிலோ பெரும்பான்மை “மொத்த அமெரிக்காவும்தான்” என்றது. அங்கே பிரச்சினை அதிபரை விடப் பழையது. ஏன் என்பது கீழே ராணுவத் தளம் பற்றிய பதிலில் வருகிறது.

இதன் உச்சகட்ட உதாரணம் ஈரான் எனலாம். அரசு மேடைகளில் “அமெரிக்கா ஒழிக” முழக்கம் பல பத்தாண்டுகளாக ஒலிக்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் தெஹ்ரான் தெருக்களில் இளைஞர்கள் இறந்தவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றியதும் நடந்தது.

அதிபர் மாறினா ஒரே ராத்திரியில எல்லாரும் மனசு மாறிடுவாங்களா?

மேற்கு ஐரோப்பாவில் ஏறக்குறைய அப்படித்தான். ஜெர்மனியில் 2008இல் புஷ் மேல் நம்பிக்கை 14 சதவீதம். 2009இல் ஒபாமா மேல் 93. ஒபாமாவின் கடைசி ஆண்டில் 86. 2017இல் டிரம்ப் மேல் 11. நாட்டின் மேலான நல்லெண்ணமும் கூடவே ஆடும். அதே ஜெர்மனியில் 2008இல் 31, 2009இல் 64, 2020இல் 26, 2021இல் 59, 2025இல் 33. ஆனால் ஆட்டத்தின் வீச்சு சின்னது: அதிபர் மேலான நம்பிக்கை எண்பது புள்ளி நகரும்போது நாட்டின் மேலான எண்ணம் முப்பது சொச்சம்தான் நகர்கிறது.

துருக்கியும் பாகிஸ்தானும் வேறு கதை. ஒபாமா வந்த 2009இல் துருக்கியில் 12 இலிருந்து 14 ஆனது. பிழை வரம்புக்குள் அடங்கும் மாற்றம். வெள்ளை மாளிகையில் யார் உட்கார்ந்தாலும் ஆளில்லா விமானங்கள் பறந்துகொண்டிருந்தால் பாகிஸ்தானின் எல்லைப் பகுதியான வசீரிஸ்தானில் இருப்பவருக்கு அதிபரின் பேச்சு வன்மை ஒரு பொருட்டல்ல. 2011 மே 2இல் அபோட்டாபாத்தில் ஒசாமாவைக் கொன்ற நடவடிக்கை நடந்தது. 2012இல் பாகிஸ்தானியரில் 74 சதவீதம் பேர் அமெரிக்காவை எதிரி நாடு என்றார்கள். வாஷிங்டன் அப்போது அந்நாட்டுக்குக் கோடிக்கணக்கில் நிதி கொடுத்துக்கொண்டிருந்தது.

குண்டு போட்ட வியட்நாம்லயே அமெரிக்காவைப் பிடிக்கும்னு சொல்றாங்களாமே? எப்படி?

2017இல் 84 சதவீதம். அந்த ஆண்டு அமெரிக்காவின் பழைய நட்பு நாடுகள் பலவற்றைவிட அதிகம்.

காரணங்கள் ஒன்றல்ல. போர் 1975இல் முடிந்தது. இன்றைய வியட்நாமியரில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அந்தப் போரில் தாங்கள்தான் ஜெயித்தோம் என்பது அவர்கள் பாடப்புத்தகம். ஜெயித்தவருக்கு மன்னிப்பது எளிது. அடுத்தது சீனா. 1979இல் வடக்கு எல்லையில் சீனப்படை நுழைந்தது. இன்றைக்கும் தென்சீனக் கடலில் தகராறு. பக்கத்துப் பெரியவனை நினைக்கும்போது தூரத்துப் பெரியவன் நல்லவனாகத் தெரிவது இயல்பு. 1994இல் பொருளாதாரத் தடை நீங்கியது, 1995இல் தூதரக உறவு வந்தது, பிறகு அமெரிக்கா அவர்களுடைய மிகப்பெரிய ஏற்றுமதிச் சந்தை ஆனது. 2018இல் அமெரிக்காவின் கார்ல் வின்சன் விமானந்தாங்கிக் கப்பல் தா நாங் துறைமுகத்துக்கு வந்தபோது வரவேற்பு கொடுத்தார்கள்.

இதே சூத்திரம் கொசோவோவிலும் உண்டு. 1999இல் கொசோவோ மக்களுக்காக என்று நேட்டோ செர்பியா மீது 78 நாள் குண்டு வீசியது. கொசோவோ தலைநகர் பிரிஷ்டினாவில் அப்போதைய அமெரிக்க அதிபர் கிளின்டன் பெயரில் சாலையும் 2009இல் திறந்த சிலையும் இருக்கின்றன. செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் அதே குண்டுகளால் இடிந்த ராணுவத் தலைமையகக் கட்டடம் பல ஆண்டுகள் அப்படியே நின்றது. ஒரே விமானங்கள், ஒரே மாதங்கள்.

அப்போ ஈரான்காரங்க மட்டும் 1953-ஐ ஏன் இன்னும் பிடிச்சிட்டிருக்காங்க?

ஈரான் மட்டுமல்ல. 1953இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் முகமது மொசாதேக்கை பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து கவிழ்த்தன. எண்ணெயை நாட்டுடைமை ஆக்கியது முக்கியக் காரணம். அடுத்த ஆண்டு குவாட்டமாலாவில் அதிபர் ஹகோபோ ஆர்பென்ஸுக்கும் இதே கதி. 1973இல் சிலியில் அதிபர் அயெந்தே கவிழ்ந்தார்; அவர் ஆட்சியைத் தள்ளாட வைக்க வாஷிங்டன் செய்த வேலைகள் பின்னர் ஆவணங்களாகவே வெளிவந்தன. கிரேக்கத்தில் 1967இல் வந்த ராணுவ ஆட்சிக்கு அமெரிக்கா கொடுத்த ஆதரவு அங்கே இன்னும் பேசப்படும் விஷயம்.

வியட்நாமுக்கும் ஈரானுக்கும் உள்ள வித்தியாசம், பின்னதில் கணக்கு முடியவே இல்லை. 1979இல் தெஹ்ரான் தூதரகத்தில் 52 அமெரிக்கர்கள் 444 நாள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். அமெரிக்கர்களின் நினைவு பெரும்பாலும் இங்கிருந்து தொடங்குகிறது. ஈரானியர்களின் நினைவு இருபத்தாறு ஆண்டு முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. 1988 ஜூலை 3இல் அமெரிக்காவின் வின்சென்ஸ் போர்க்கப்பல் ஈரான் பயணிகள் விமானம் 655ஐச் சுட்டு வீழ்த்தி 290 பேர் இறந்தது ஈரானில் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் தெரிந்தவர்கள் குறைவு.

ஒப்புக்கொண்டால் கொஞ்சம் தணிகிறது, முழுக்க இல்லை. 1999இல் கிளின்டன் குவாட்டமாலாவிலும் ஏதென்ஸிலும் பழைய ஆதரவு தவறு என்ற பொருளில் பேசினார். 1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டுகள் விழுந்தன. 2016இல் ஒபாமா அங்கே போய், வெடிக்காமல் மண்ணில் கிடப்பவற்றை அகற்ற மூன்று ஆண்டுக்கு 9 கோடி டாலர் அறிவித்தார். வயலில் மண்வெட்டி பட்டு வெடிக்கும் ஊரில் பேச்சைவிட இந்தத் தொகைதான் எடுபட்டது.

ராணுவத் தளம் இருந்தா பாதுகாப்புதானே? ஜப்பான்ல ஏன் கத்துறாங்க?

ஜப்பான் முழுக்கக் கத்தவில்லை, ஓகினாவா கத்துகிறது. ஜப்பானின் நிலப்பரப்பில் ஓகினாவா 0.6 சதவீதம், அமெரிக்கப் படைக்கென்றே ஒதுக்கிய இடங்களின் பரப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் அங்கே. பாதுகாப்பு டோக்கியோவுக்கு, விமானச் சத்தம் ஓகினாவாவுக்கு என்பதுதான் அவர்கள் புகார். 1945 போரில் பேரழிவைக் கண்டு, 1972 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்த தீவு அது.

1995இல் மூன்று அமெரிக்கப் படைவீரர்கள் 12 வயதுச் சிறுமியைக் கடத்தி வன்கொடுமை செய்தார்கள். ஊரைக் கொதிக்க வைத்தது குற்றம் மட்டுமல்ல, நடைமுறையும்தான். ஜப்பானில் இருக்கும் அமெரிக்கப் படைகளுக்கு எந்தச் சட்டம் என்று சொல்லும் படைநிலை ஒப்பந்தப்படி, பணி நேரத்தில் செய்த குற்றத்தை அமெரிக்க ராணுவமே விசாரிக்கும். பணி நேரத்துக்கு வெளியே என்றால் ஜப்பான் விசாரிக்கலாம். ஆனால் சந்தேக நபர் தளத்துக்குள் இருந்தால், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை அமெரிக்கா தன் பிடியிலேயே வைத்துக்கொள்ளலாம். போலீஸ் வாசலில் நின்று காத்திருக்க வேண்டும். அந்த வழக்குக்குப் பிறகு, கொலை, வன்கொடுமை வழக்குகளில் முன்னதாகவே ஒப்படைப்பதைப் “பரிவோடு பரிசீலிப்போம்” என்று ஓர் உறுதி வந்தது. ஒப்பந்த வாசகம் மாறவில்லை.

1996இல், ஊர் நடுவே இருக்கும் ஃபுதென்மா விமானத் தளத்தைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். நிபந்தனை, அதே தீவில் ஹெனோகோவில் மாற்று இடம். அங்கேதான் இன்றுவரை சண்டை. 2019இல் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 72 சதவீதம் பேர் ஹெனோகோவில் கடலை நிரப்பக் கூடாது என்றார்கள். நிரப்பும் வேலை தொடர்ந்தது. தென் கொரியாவிலும் இதே முடிச்சுதான். 2002இல் ராணுவ வாகனம் ஏறி இரண்டு பள்ளிச் சிறுமிகள் இறந்தார்கள். ஓட்டியவரையும் உடனிருந்தவரையும் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் விடுவித்ததும் சியோல் தெருக்கள் நிறைந்தன. மூன்றாவது பதிலில் கொரியர்கள் “மொத்த அமெரிக்காவும்” என்றதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

இவ்வளவு உதவி பண்றாங்களே, நன்றி இருக்காதா?

கண்ணுக்குத் தெரியும் உதவிக்கு இருக்கிறது. ஈராக் போரின்போது இந்தோனேசியாவில் நல்லெண்ணம் 15 சதவீதத்துக்கு விழுந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஆச்சேயில் அரிசியும் தண்ணீரும் இறக்கின. 2005இல் 38 ஆனது. ஜப்பானில் 2011 நிலநடுக்கத்துக்குப் பின் அமெரிக்கப் படைகள் மீட்பில் இறங்கிய ஆண்டு 85. அதற்கு முந்தைய ஆண்டு 66. ஆப்பிரிக்காவில் 2003இல் தொடங்கிய எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்தால், வேறு பல இடங்களில் செல்வாக்கில்லாத புஷ்ஷுக்கு அங்கே நல்ல பெயர் உண்டு.

உதவியோடு கட்டளையும் வந்தால் நன்றி கசந்துவிடும். 1960களில் பஞ்ச காலத்தில் பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை இந்தியாவுக்கு வந்தது. பட்டினிச் சாவுகளைத் தடுத்ததில் அதற்குப் பெரிய பங்கு. ஆனால் அதிபர் ஜான்சன் மொத்தமாக அனுப்பாமல், வியட்நாம் போர் பற்றி தில்லி என்ன பேசுகிறது, விவசாயக் கொள்கையில் என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கப்பல்களை விடுவித்தார். பசுமைப் புரட்சிக்கு இந்தியா அவ்வளவு அவசரப்பட்டதில் அந்த அவமானமும் சேர்ந்திருந்தது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் 2025 ஜூலையில் மூடப்பட்டதன் விளைவு எண்களாகத் தெரிய இன்னும் சில ஆண்டு ஆகும்.

ஹாலிவுட் படம் பார்க்கிறாங்க, ஐபோன் வாங்குறாங்க, கொடியையும் எரிக்கிறாங்க. இது ரெட்டை வேஷம் இல்லையா?

இல்லை. 2023இல் 23 நாடுகளில் கேட்டார்கள்: அமெரிக்கா மற்ற நாடுகளின் விவகாரத்தில் தலையிடுகிறது என்று 82 சதவீதம், உலக அமைதிக்கும் நிலைத்தன்மைக்கும் பங்களிக்கிறது என்று 61 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் நூறைத் தாண்டுகிறது. அதாவது ஒரே ஆள் இரண்டையும் சொல்கிறார். 2021இல் 16 இடங்களில் கேட்டபோது அமெரிக்கத் தொழில்நுட்பம், பொழுதுபோக்கு, ராணுவம், பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண். மருத்துவ வசதியைச் சராசரிக்கும் கீழே என்றவர்கள் 66 சதவீதம். அமெரிக்க ஜனநாயகம் பின்பற்றத்தக்க முன்மாதிரி என்றவர்கள் 17 சதவீதம்தான். 57 சதவீதம் “முன்பு அப்படி இருந்தது, இப்போது இல்லை” என்றார்கள். தனித்தனியாக எடைபோடுகிறார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்கர்கள்னா சத்தமா பேசுவாங்க, மரியாதை தெரியாதுன்னு எல்லா ஊர்லயும் பேரா?

“உழைப்பாளிகள்” என்பதுதான் பரவலாகக் கிடைக்கும் பெயர். மரியாதை தெரியாதவர்கள் என்று அழுத்திச் சொன்னவர்கள், 2005 கணக்கெடுப்பில், கனடாக்காரர்கள்: 53 சதவீதம். பங்காளிகளுக்குத்தான் குறை அதிகம் தெரியும்.

கனடாவே கோபமா இருக்காமே, அங்க என்ன ஆச்சு?

2025இல் டிரம்ப் போட்ட இறக்குமதி வரியும், கனடா அமெரிக்காவின் “51ஆவது மாநிலம்” ஆக வேண்டும் என்ற அவர் பேச்சும். 2024இலிருந்து 2025க்குள் நல்லெண்ணம் 54 இலிருந்து 34 ஆனது. மெக்சிகோவில் சரிவு இன்னும் செங்குத்து: 61 இலிருந்து 29. 2025 மார்ச்சில் ஒன்டாரியோ மாகாண மதுக்கடைகள் அமெரிக்கச் சரக்கை அலமாரியிலிருந்து எடுத்தன. ஹாக்கி மைதானங்களில் அமெரிக்கத் தேசிய கீதத்துக்குக் கூச்சல் போட்டார்கள்.

இங்கே எண்களைவிட நடத்தையைக் கவனியுங்கள். கருத்துக்கணிப்பில் கோபமாகப் பேசிவிட்டு வழக்கம்போல் இருப்பவர்கள்தான் அதிகம். கனடாவிலோ எல்லை தாண்டிக் காரில் போய்வரும் பயணங்கள் 2025இன் பல மாதங்களில் முந்தைய ஆண்டைவிட 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. கோபம் பையைத் தொட்டுவிட்டது என்பதற்கு இது சான்று.

நம்ம ஆளுங்க எப்படிப் பார்க்கிறாங்க?

இந்தியா மொத்தத்தில் நல்லெண்ணப் பக்கம். 2023இல் 65 சதவீதம். 1971இல் வங்கப் போரின்போது ஏழாவது கடற்படைப் பிரிவின் என்டர்பிரைஸ் கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் வந்ததை மூத்தவர்கள் மறக்கவில்லை. இளையவர்களுக்கு அமெரிக்கா என்றால் எச்1பி வரிசையும் சென்னைத் துணைத் தூதரக நேர்காணலும்தான்.

தமிழர்களுக்கு இன்னொரு பழைய அடுக்கும் உண்டு. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த டாக்டர் சாமுவேல் கிரீன், மதுரை அமெரிக்கன் கல்லூரி, ஐடா ஸ்கடரின் வேலூர் மருத்துவமனை. அரசு அனுப்பாத அமெரிக்கர்கள் இவர்கள். ஈழத்தமிழர்களிடம் நம்பிக்கையும் ஏமாற்றமும் கலந்திருக்கிறது: 2012இல் ஜெனீவாவில் இலங்கை குறித்த தீர்மானத்தைக் கொண்டுவந்ததும் அமெரிக்காதான், 2018இல் அந்த மனித உரிமைக் கவுன்சிலை விட்டே விலகியதும் அமெரிக்காதான்.

நான் தமிழ் முகம், கையில அமெரிக்கப் பாஸ்போர்ட். வெளிநாட்டுல என்னை எந்தக் கணக்குல சேர்ப்பாங்க?

தெருவில் முகத்தை வைத்து, விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை வைத்து. கடைக்காரரும் டாக்சி ஓட்டுநரும் உங்களை இந்தியர் என்றே எடுத்துக்கொள்வார்கள்; உச்சரிப்பு காட்டிக் கொடுத்தால் ஒழிய அமெரிக்க அரசியல் உங்களிடம் வராது. குடிவரவு மேசையில் நிலைமை வேறு. நீ கேட்டால் நானும் கேட்பேன் என்ற கொள்கைப்படி பிரேசில் 2025 ஏப்ரல் முதல் அமெரிக்கர்களுக்கு மீண்டும் விசா கேட்கிறது. ஈரானுக்குள் அமெரிக்கச் சுற்றுலாப் பயணி தனியாகத் திரிய முடியாது, அங்கீகரிக்கப்பட்ட வழிகாட்டி கூடவே வர வேண்டும். வட கொரியாவுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் போக 2017 முதல் வாஷிங்டனே தடை போட்டிருக்கிறது.

புறப்படுமுன் இரண்டு வேலை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயண அறிவிப்பில் அந்த நாடு நான்கு நிலைகளில் எதில் இருக்கிறது என்று பாருங்கள். நான்காவது என்றால் போகாதே என்று அர்த்தம், பல பயணக் காப்பீடுகள் அங்கே செல்லாது. பிறகு அவர்களுடைய இலவசப் பயணப் பதிவுத் திட்டத்தில் பெயரைக் கொடுங்கள். கலவரமோ நிலநடுக்கமோ வந்தால் தூதரகத்தின் தகவல் நேரே உங்களுக்கு வரும்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான் சிக்கல். பிறந்த நாட்டுக்கு அதன் பாஸ்போர்ட்டில் நுழைந்தால் அந்த நாடு உங்களைத் தன் குடிமகனாகவே நடத்தும். கைதானால் அமெரிக்கத் தூதரகம் சந்திக்கக் கேட்கலாம், மறுக்கப்படலாம். இலங்கையில் பிறந்து இரண்டு குடியுரிமையும் வைத்திருப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமையே கிடையாது. ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் என்ற பெயரில் தரும்) அட்டை வைத்திருப்பவர் அங்கே சட்டப்படி வெளிநாட்டவர். அதனால் கைதானால் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்க அவருக்கு உரிமை உண்டு.